மேன்முறையீட்டு நீதிமன்றம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வயல் வழக்கு நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு வரம்புச் சண்டையில் தொடங்கி, வவுனியாவுக்குப் போய், கடைசியில் கொழும்பு புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அதனால் ஊரில் யாருக்காவது "அப்பீல்" என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் என்னிடம் வருகிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வருடக்கணக்காக வழக்குக் கட்டோடு அலைந்ததில், சட்டத்தரணிகளிடம் கேட்டும் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை வாசித்தும் தெரிந்துகொண்டவை கொஞ்சம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து எழுதுகிறேன். உங்கள் வழக்கில் முடிவெடுக்கும்போது சட்டத்தரணி ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

மேல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, மூன்றும் வேறு. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் தமிழ்நாட்டுச் செய்திகள். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநில அளவில் இருப்பது, அதற்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம். இங்கே உச்ச நீதிமன்றம் என்ற பெயரே கிடையாது. எங்கள் நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் உயர் நீதிமன்றம். அதற்கு அடுத்த படி மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்குக் கீழே மேல் நீதிமன்றங்கள், அதற்கும் கீழே மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும். மேல் நீதிமன்றம் வவுனியாவில் இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று, கொழும்பு 12 புதுக்கடையில் உயர் நீதிமன்றம் இருக்கும் அதே கட்டிடத் தொகுதியில்.

இது எப்போது வந்தது?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்போடு. அதற்கு முன் 1971 இல் இதே பெயரில் ஒரு நீதிமன்றத்தை உருவாக்கினார்கள், லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் மேன்முறையீட்டை நிறுத்துவதற்காக. அது நீதி நிர்வாகச் சட்டத்தோடு சில வருடத்திலேயே இல்லாமல் போனது. இப்போது இருப்பது வேறு, அரசியலமைப்பின் 137 முதல் 147 வரையான உறுப்புரைகளில் அதன் அதிகாரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பிரதியில் ஒரு சில பக்கம்தான், ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

எத்தனை நீதிபதிகள், யார் அவர்களை நியமிக்கிறார்கள்?

தலைவர் ஒருவரும் அவரோடு மற்ற நீதியரசர்களும். முன்பு எல்லோருமாக 12 பேருக்கு மேல் போக முடியாது. 2020 இல் வந்த 20 ஆம் திருத்தம் அதை 20 பேர் வரை கூட்டியது, அதே திருத்தத்தில் உயர் நீதிமன்றத்தின் எண்ணிக்கையும் 11 இலிருந்து 17 ஆனது. வழக்குகள் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தால் கூட்டியது நியாயம்தான் என்று நினைக்கிறேன், அந்தத் திருத்தத்தின் மற்ற விடயங்கள் பற்றி என் கருத்து வேறாக இருந்தாலும்.

நியமிப்பது ஜனாதிபதி, ஆனால் அவர் தன் விருப்பத்துக்கு நியமிக்க முடியாது. அரசியலமைப்புப் பேரவை சம்மதிக்க வேண்டும். 10 பேர் கொண்ட அந்தப் பேரவையில் 7 பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள், 3 பேர் வெளியில் இருந்து வருபவர்கள். இந்தக் கடிவாளம் 2001 இல் வந்து, 2010 இல் போய், 2015 இல் திரும்பி வந்து, 2020 இல் மறுபடி தளர்ந்து, 2022 இல் 21 ஆம் திருத்தத்தோடு இன்னொரு தடவை வந்திருக்கிறது. சுமார் இருபது வருடத்துக்குள் இத்தனை ஆட்டம் கண்ட ஒன்றை நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

வருபவர்களில் பெரும்பாலானோர் மேல் நீதிமன்ற நீதிபதிகளாக இருந்து பதவி உயர்பவர்கள். சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருந்தும் வருகிறார்கள், இடையிடையே வெளியில் தொழில் செய்த சட்டத்தரணிகளும். சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருந்து வருவது பற்றிச் சட்டத்தரணிகள் மத்தியில் நெடுநாளாக ஒரு முணுமுணுப்பு உண்டு. குற்றவியல் மேன்முறையீட்டில் எதிர்ப்பக்கம் நிற்பது அந்தத் திணைக்களம், அரச அதிகாரிகளின் முடிவை எதிர்த்துப் போடும் றிட் மனுக்களிலும் அரசுக்காக எழும்பிப் பேசுவது பெரும்பாலும் அதே திணைக்களம். அங்கிருந்து வந்து நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் சாதாரண மனிதருக்கு அது எப்படித் தெரியும் என்பதும் முக்கியம்.

ஓய்வு வயது 63. உயர் நீதிமன்றத்தில் 65. இடையில் ஒருவரை நீக்க வேண்டுமென்றால் தவறான நடத்தை அல்லது இயலாமை நிரூபிக்கப்பட்டு, பாராளுமன்றத்தின் 225 பேரில் குறைந்தது 113 பேர் ஆதரித்து, அதன் பிறகுதான் ஜனாதிபதி நீக்கலாம்.

தமிழ் நீதிபதிகள் இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள். க. ஸ்ரீபவன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவராக இருந்து, பிறகு உயர் நீதிமன்றம் போய், 2015 முதல் 2017 வரை பிரதம நீதியரசராக இருந்தார். வடமாகாண முதலமைச்சராக எல்லோருக்கும் தெரிந்த சி. வி. விக்னேஸ்வரனும் 1995 இலிருந்து 2001 வரை இந்த நீதிமன்றத்தில்தான் இருந்தார்.

ஒரு வழக்கை எத்தனை பேர் கேட்பார்கள்?

வழக்கமாக இரண்டு பேர். மேல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வரும் மேன்முறையீட்டைக் குறைந்தது இரண்டு பேர் கேட்க வேண்டும். இருவருக்கும் கருத்து ஒத்துவராவிட்டால் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்தி வைத்துவிட்டு, மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், பெரும்பான்மைக் கருத்துத்தான் தீர்ப்பு. ஒரே நாளில் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு சோடிகள் இருந்து வழக்குக் கேட்பார்கள், அதனால் "எங்கட வழக்கு எந்தக் கோட்டில்" என்று காலையிலேயே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் நாள் பிழையான அறையில் பத்து மணி வரை இருந்தோம்.

அங்கே வழக்கு முதலில் இருந்து திரும்ப நடக்குமா? சாட்சி சொல்ல வேண்டுமா?

பொதுவாக இல்லை, இதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தட்டச்சில் பதிந்த பக்கங்களை வைத்துக்கொண்டு சட்டத்தரணிகள் பேசுவார்கள், நீதியரசர்கள் இடைக்கிடை கேள்வி கேட்பார்கள். நீங்கள் பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு வரலாம். புதிய சாட்சியத்தை ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு, ஆனால் அது எப்போதாவது நடப்பது. ஆகவே கீழ் நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்ட கதையை "அங்க போய்ச் சொல்லுவம்" என்று வைத்திருக்காதீர்கள். கீழே பதிவில் ஏறாதது மேலே இல்லாததற்குச் சமம்.

அவர்கள் பார்ப்பது கீழே நடந்த பிழையை. சட்டப் பிழையும் பார்க்கலாம், நடந்த விடயங்களைத் தீர்மானித்ததில் பிழை இருந்தால் அதையும் பார்க்கலாம், அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை இரண்டையும் சொல்கிறது. பிறகு தீர்ப்பை உறுதி செய்யலாம், புரட்டலாம், திருத்தலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம். ஆனால் எல்லாப் பிழையும் தீர்ப்பைக் கவிழ்க்காது. உங்கள் உரிமையைப் பெரிதாகப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத சின்னப் பிழைக்காகத் தீர்ப்பை மாற்றக் கூடாது என்று அதே உறுப்புரையிலேயே இருக்கிறது. திகதி மாறி எழுதியிருக்கிறது, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

எங்கள் வழக்கு அங்கே போகுமா, வேறு எங்காவது போகுமா?

இது வழக்கின் வகையைப் பொறுத்தது, நிதானமாக வாசியுங்கள். வவுனியா மேல் நீதிமன்றத்தில் கொலை, பாலியல் வன்முறை, பெரிய போதைப்பொருள் வழக்கு போன்றவற்றில் தண்டனை விழுந்தால் அதன் மேன்முறையீடு நேராகக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. நீதவான் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் முதலில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, அதாவது கொழும்பு போகத் தேவையில்லை. இது 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தின் பயன்களில் ஒன்று, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் காணி உறுதி வழக்கு, பங்குபிரிப்பு வழக்கு போன்றவை 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன, அங்கிருந்து அனுமதி கிடைத்தால் உயர் நீதிமன்றத்துக்கு. மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்கும் ட்ரயல் அட் பார் வழக்குகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போகும். மிருசுவில் படுகொலை வழக்கு அப்படித்தான் போனது, 2015 இல் தீர்ப்பு, 2019 இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

பிறகு எங்கள் ஊர்களுக்கே உரிய ஒன்று, "66 வழக்கு". மீள்குடியேறி வந்து பார்க்கும்போது எல்லைக் கட்டை இல்லை, பனை மரம் இல்லை, பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பரப்பு உள்ளே வந்து வேலி போட்டிருக்கிறார், சண்டை வந்து பொலிஸ் வழக்குப் போடுகிறது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு அது. அதில் நீதவான் காணி யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. வழக்குத் தாக்கலான நாளில் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதை மட்டும் பார்த்துக் கட்டளை போடுவார். அந்தக் கட்டளைக்கு மேன்முறையீடே கிடையாது. ஆனால் அந்தக் கட்டளையைத் திரும்பப் பார்க்கும்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போடலாம், அந்த முடிவும் பிழை என்றால் அங்கிருந்து கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்கள் வழக்கு போன வழி இதுதான். பல வருடம் இழுபட்டு, தீர்ப்பு வந்த பிறகும் காணி யாருடையது என்ற கேள்வி அப்படியே இருந்தது, ஏனென்றால் அது மாவட்ட நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய விடயம். கையில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கிறவர்கள் 66 வழக்கைக் கொழும்பு வரை இழுக்க முதல், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது நல்லதா என்று ஒருமுறை கேளுங்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

14. இந்த ஒரு எண்ணை மட்டுமாவது மனதில் வைத்திருங்கள். மேல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்துத் தண்டனை சொன்ன நாளில் இருந்து 14 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு அந்த மேல் நீதிமன்றத்தின் பதிவாளரிடம் போக வேண்டும், கொழும்புக்கு அல்ல. மாகாண மேல் நீதிமன்றத்தின் மீளாய்வு முடிவை எதிர்ப்பதற்கும் 14 நாள். மாவட்ட நீதிமன்ற வழக்கில் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு, இரண்டும் வேண்டும். அந்த 14 நாளில் தீர்ப்பு நாளும், அறிவித்தல் கொடுக்கும் நாளும், ஞாயிறும், பொது விடுமுறையும் சேராது. ஆனால் 60 நாளில் அந்தக் கழிவு கிடையாது.

என் பெரியப்பாவின் இன்னொரு வழக்கில், தீர்ப்பின் பிரதி கிடைத்த பிறகுதான் நாள் எண்ணத் தொடங்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பி இருந்துவிட்டார்கள். பிரதி வந்தபோது மூன்று கிழமை போயிருந்தது. நாள் எண்ணுவது தீர்ப்பு வாசித்த நாளில் இருந்து. பிரதிக்குக் காத்திருக்காமல், தீர்ப்பு வாசித்த அன்றைக்கே நீதிமன்ற வாசலில் வைத்தே சட்டத்தரணியிடம் "அப்பீல் போடுவமா, கடைசி நாள் எது" என்று கேட்டு அந்தத் திகதியை எழுதி வாங்குங்கள். அன்றைக்கே சான்றுப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பம் கொடுங்கள்.

நாள் தவறிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. மீளாய்வு மனுவுக்கு இப்படி நாள் குறிக்கவில்லை, ஆனால் விசேட காரணம் காட்ட வேண்டும், தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

மறியலில் இருப்பவர் எப்படிப் போடுவது? போட்டால் பிணை கிடைக்குமா?

சிறைச்சாலை அதிகாரிகளிடம் அந்த 14 நாளுக்குள் சொன்னாலே போதும், வாயால் சொன்னாலும் சரி எழுதிக் கொடுத்தாலும் சரி, அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர்களுடைய கடமை. பார்க்கப் போகும் உறவினர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும், அழுது முடித்துவிட்டு அடுத்த கிழமை சொல்வோம் என்று விடக் கூடாது. மேன்முறையீடு போட்டதால் பிணை தானாக வராது, தனியாகக் கேட்க வேண்டும், மேல் நீதிமன்றத் தண்டனைக்குப் பிறகு விசேட காரணம் இல்லாமல் தரமாட்டார்கள். இன்னொன்று, தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இருக்கிற மாதிரிக் கூட்டும் அதிகாரமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. தண்டனை ஏற்கனவே இலேசாக விழுந்திருந்தால் சட்டத்தரணியோடு நன்றாக யோசித்துப் போடுங்கள். மரண தண்டனை விழுந்தவர்களின் குடும்பங்களுக்கு: இந்த நாட்டில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. அதற்காக மேன்முறையீட்டை விட்டுவிடாதீர்கள், நிரபராதி ஒருவர் வெளியே வருவதற்கு வழி அதுதான்.

வன இலாகா, பிரதேச செயலகம் எங்கள் காணியை அரச காணி என்று சொன்னால்?

வன்னியில் இன்றைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் நேரடியாகத் தேவைப்படுவது இதற்குத்தான். அரச அதிகாரி ஒருவர் சட்டத்துக்கு மாறாக முடிவெடுத்தால் அதை ரத்துச் செய்யவும், செய்யக் கூடாததைத் தடுக்கவும், செய்ய வேண்டியதைச் செய் என்று கட்டளையிடவும் அந்த நீதிமன்றத்துக்கு 140 ஆம் உறுப்புரை அதிகாரம் தருகிறது. எழுத்தாணை என்று சட்டத் தமிழில் சொல்வார்கள், ஊரில் றிட் என்றால்தான் விளங்கும்.

அரச காணியை விட்டு வெளியேறச் சொல்லி 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு அறிவித்தல் வரும், அதில் குறைந்தது 30 நாள் தவணை தர வேண்டும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. அங்கே போய் "எங்கள் பாட்டன் காலத்துக் காணி, 1970 இல் காடு வெட்டியது, இந்தா மாமரம்" என்று சொல்லிப் பயனில்லை, செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூலமான அதிகாரமோ இருக்கிறதா என்பதை மட்டும்தான் நீதவான் கேட்கலாம். அறிவித்தலே பிழை என்று சொல்வதானால் றிட் மனுத்தான் வழி. முன்பு இதை மாகாண மேல் நீதிமன்றத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2013 செப்டெம்பர் 26 இல், கண்டி மேல் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டக் காணி வழக்கில், அரச காணி விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 13 ஆம் திருத்தத்தில் காணி மாகாணத்துக்கு என்று எழுதியிருப்பதன் பெறுமதி எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் பலருக்கு விளங்கியது. அந்தத் தீர்ப்பின் விளைவு, ஒட்டுசுட்டானில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய் அந்த அறிவித்தலை எதிர்க்க வேண்டுமென்றால் 300 கிலோமீற்றர் தள்ளி வழக்காட வேண்டும். எனக்கு இதில் மனம் ஆறவே இல்லை.

றிட்டுக்கு இத்தனை நாள் என்று கணக்கு இல்லை, ஆனால் தாமதித்துப் போனால் அதையே காரணமாகச் சொல்லித் தள்ளிவிடலாம். கடிதம் வந்த கிழமையே கிளம்புங்கள். அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவு, கிராம அலுவலர் கடிதம், பழைய வாக்காளர் இடாப்பு, எது இருந்தாலும் கொண்டுபோங்கள். மனுவோடு சத்தியக்கடதாசி இணைக்க வேண்டும், அதில் ஒரு விடயத்தை மறைத்தாலும் அது தெரியவரும்போது மனு முழுவதும் தள்ளுபடியாகலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு எங்கே போடுவது?

இரண்டு இடத்திலும் போடலாம். 141 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அல்லது 13 ஆம் திருத்தத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில். 2009 இல் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்தவர்கள் சார்பில் உறவினர்கள் போட்ட மனுக்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில்தான் தாக்கலாகின, விசாரித்து அறிக்கை தரும்படி அவை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டன. அப்படிக் கீழ் நீதிமன்றத்தை விசாரிக்கச் சொல்லும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உண்டு. மாகாண மேல் நீதிமன்றம் சொல்லும் முடிவில் திருப்தி இல்லாத எந்தத் தரப்பும், அரச தரப்பும்தான், மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். அதாவது வவுனியாவில் வென்றாலும் வழக்கு அங்கே முடிந்தது என்று நினைக்க முடியாது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் உட்கார்ந்த அம்மாக்களில் சிலர் எங்கள் ஊர்க்காரர். "நீதிமன்றம் செய்யச் சொன்னாலும் செய்யினமே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நீதிமன்றக் கட்டளைக்குக் கீழ்ப்படியாதவரை அவமதிப்புக்காகத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவருக்கு இந்த நீதிமன்றத்தில் என்ன செய்யலாம்?

2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது முக்கியமாகிவிட்டது. கைதாகி 12 மாதம் கழிந்தும் விசாரணை வழக்கு தொடங்கவில்லை என்றால், அவரோ அவருடைய சட்டத்தரணியோ விண்ணப்பித்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லை. ஆனாலும் முன்பு அந்தக் கதவே இருக்கவில்லை. கைதான திகதியை நிரூபிக்கும் கடதாசி எதுவாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள், கைது செய்யும்போது தரும் பற்றுச்சீட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, எல்லாம்.

ஒரு நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை இன்னொரு நீதிமன்றத்துக்கு மாற்றும் அதிகாரமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. 2017 இல் வவுனியாவில் இருந்த வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழில் நடக்கும் நீதிமன்றத்தில் இருந்து சிங்களத்தில் நடக்கும் நீதிமன்றத்துக்குப் போவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போதுதான் தெற்கிலும் சிலர் பேசினார்கள்.

அரசியல்வாதிகளின் வழக்கும் இங்கேதானே போகிறது?

ஆம். ஒருவர் எந்த உரிமையில் அந்தப் பதவியில் இருக்கிறார் என்று கேட்கும் றிட் ஒன்று உண்டு. 2018 இல் 122 பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைத்தான் போட்டார்கள், டிசெம்பர் 3 ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ பிரதமராகச் செயற்படுவதற்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் பக்கத்து உதாரணமும் உண்டு. மன்னாரைச் சேர்ந்த பா. டெனீஸ்வரன் 2017 இல் வடமாகாண அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது இந்த நீதிமன்றத்துக்குப் போனார், 2018 ஜூனில் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. நீக்கிய முதலமைச்சர், நான் மேலே சொன்ன விக்னேஸ்வரன், இதே நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தவர். பாராளுமன்றத் தேர்தல் மனுவும் இங்கேதான் விசாரிக்கப்படும், வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்கள் பற்றிய பிணக்கு வந்தாலும்.

தமிழில் வழக்காடலாமா?

சட்டப்படி தமிழில் மனுப் போடலாம், நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கேட்கலாம், 24 ஆம் உறுப்புரை அதை உரிமையாகத் தருகிறது. நடைமுறையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சாட்சியம் தமிழில் பதியப்படுகிறது. மேன்முறையீடு போகும்போது அந்தப் பதிவு, மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் பாவிக்கும் மொழியிலும் தயாரிக்கப்பட வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. சரி, நல்ல விடயம். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கத்தை யார் மொழிபெயர்ப்பது? ஒருவர் மறியலில் இருந்துகொண்டு மேன்முறையீட்டுக்குக் காத்திருக்கும்போது, கட்டு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் காத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு வந்தால் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டில் "மானாவாரி" என்ற சொல் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டு, வானம் பார்த்த வயல் நீர்ப்பாசன வயலாகிவிட்டது. வாய்க்கால் யாருக்கு என்ற வழக்கில் அது சின்ன விடயம் இல்லை. சட்டத்தரணியின் உதவியாளர் பிள்ளை ஒருத்தி, திருகோணமலைப் பெண், அவள்தான் கண்டுபிடித்தாள். நீதியரசர்கள் அந்தச் சாட்சியின் குரலைக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்ததில்லை, அவர்களிடம் இருப்பது அந்தக் கடதாசி மட்டும்தான்.

வவுனியாவில் அந்த நீதிமன்றம் உட்கார முடியாதா?

முடியும். பலருக்குத் தெரியாது, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 146 ஆம் உறுப்புரை, மேன்முறையீட்டு நீதிமன்றம் சாதாரணமாகக் கொழும்பில் இயங்கும் என்று சொல்லிவிட்டு, பிரதம நீதியரசர் உசிதம் என்று கருதினால் எந்த மாவட்டத்திலும் அமர்வு நடத்தப் பணிக்கலாம் என்றும் சொல்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம், ஒரு பணிப்புப் போதும்.

அரச காணி றிட் எல்லாம் கொழும்புக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு வந்த பிறகு இதைக் கேட்பது இன்னும் நியாயமாகிறது. வருடத்தில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு கிழமை வவுனியாவில் அமர்வு நடந்தால் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாவற்றுக்கும் கிட்ட. காலையில் பஸ் ஏறி மத்தியானம் வீடு வரலாம். வட மாகாணச் சட்டத்தரணிகள் சங்கங்களும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதம நீதியரசரிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். வாக்குக் கேட்டு வரும்போது நீங்களும் இதைக் கேளுங்கள், 146 ஆம் உறுப்புரை என்று எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

அங்கேயும் தோற்றால்?

உயர் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் உரிமையாகப் போக முடியாது, அனுமதி வேண்டும். முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும். உயர் நீதிமன்றத்திடம் விசேட அனுமதி கேட்பதற்கு 42 நாள். அடிப்படை உரிமை மீறல் என்றால் அது வேறு பாதை, ஒரு மாதத்துக்குள் நேராக உயர் நீதிமன்றம்.

காசு இல்லாதவர் என்ன செய்வது?

சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், கிராம அலுவலரின் வருமானக் கடிதத்தோடு போனால் ஒரு பயணம் மிச்சம். அந்த 14 நாளை அவர்களுக்கும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

கொழும்புக்குப் போகும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

வவுனியாவில் இருந்து இரவு பஸ் அல்லது ரயில் எடுத்தால் விடிய முதல் கோட்டையில் இறங்கலாம், புகையிரத நிலையத்திலேயே முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து புதுக்கடைக்கு முச்சக்கர வண்டியில் கொஞ்ச நேரம்தான். "புதுக்கடை" என்றால் தமிழ் தெரிந்த சாரதிக்கு விளங்கும், மற்றவர்களிடம் "அளுத்கடே உசாவிய" என்று சொல்லுங்கள். அடையாள அட்டை கட்டாயம். வாசலில் சோதிப்பார்கள், கைத்தொலைபேசியை உள்ளே பாவிக்க விடமாட்டார்கள். வழக்கு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள், முன்னால் இருக்கும் எழுத்துக்களோடு சேர்த்து. மாகாண மேல் நீதிமன்றத்தில் இருந்து போன வழக்கென்றால் "பீ.எச்.சி." என்றும், றிட் என்றால் "றிட்" என்றும் அதில் இருக்கும். பலகையில் எங்கள் பெயரைத் தேடுவதைவிட அந்த இலக்கத்தைத் தேடுவது சுகம், ஏனென்றால் தமிழ்ப் பெயரை அங்கே ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள்.

முதல் நாள் போனதும் வழக்கு எடுபடாமல் தவணை போடப்படலாம். அதற்காகப் போகாமல் விடாதீர்கள். அடுத்த திகதியைக் காதால் கேட்டதோடு நிற்காமல் சட்டத்தரணியின் கையால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.